சொல்லு வகுப்புக்கு வெளியிலதான் கிடக்கு

யப்பானிய மொழியில ஒரு சொல்லும் தெரியாது எண்டு எங்களில ஒருத்தரும் சொல்ல ஏலாது. 2004 டிசம்பர் 25 வரைக்கும் எங்கட கரையோர ஊர்களில் பெரும்பாலான ஆக்களுக்கு 'சுனாமி' எண்ட சொல் தெரியாது. அடுத்த நாள் தொடங்கி முல்லைத்தீவு, மருதமுனை, கல்முனை எண்டு எல்லா இடத்திலும் அது எல்லாற்ற வாயிலும் இருந்தது. அதை ஒருத்தரும் கொப்பியில பத்துத் தரம் எழுதிப் பாடமாக்கவில்லை. பிறகு 'ஆழிப்பேரலை' எண்ட அழகான தமிழ்ச் சொல் பத்திரிகைகளுக்கு வந்தது. எண்டாலும் கடலுக்குப் போற ஐயாமார் இண்டைக்கும் சுனாமி எண்டுதான் சொல்லுகினம். பிரிச்சுப் பார்த்தால் 'சு' என்பது துறைமுகம், 'நமி' என்பது அலை.

அதுக்கு முதலே எங்களுக்குத் தெரிஞ்ச இன்னொரு சொல்லும் இருக்கு: ரிக்சா. அதின்ர முழு வடிவம் 'ஜின்-ரிகி-ஷா'. ஆள், பலம், வண்டி. ஆள் பலத்தில ஓடுற வண்டி. அந்தக் கடைசி 'ஷா'வைப் பிடிச்சுக்கொண்டு நடந்தால் 'தென்ஷா' வரும், மின்சாரத்தில ஓடுற ரயில். 'ஜிதென்ஷா' வரும், சைக்கிள். 'ஜிதோஷா' வரும், கார். முன்னுக்கு இருக்கிற 'ஜின்'னைப் பிடிச்சால் 'நிஹோன்-ஜின்' யப்பான்காரர், 'சுரிரங்கா-ஜின்' நாங்கள். கோயில் வீதியில நிக்கிற ஓட்டோவில இருந்து இவ்வளவு சொல்லு கிடைக்குது.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வாறது இதுதான். யப்பானிய மொழிக்கு வகுப்பு வேணும், பரீட்சையும் வேணும். ஆனால் சொல் எண்டது பட்டியலில வாழுறதில்லை. அது பொருளோடயும் இடத்தோடயும் நேரத்தோடயும் ஒட்டிக்கொண்டு கிடக்கு. அதை அங்கயே போய் எடுக்கவேணும். தமிழ் பேசுற எங்களுக்கு அப்பிடி எடுக்கிறது மற்ற ஆக்களை விட லேசு. அந்த லேசை வகுப்புகள் எங்களுக்குச் சொல்லித் தாறதில்லை.

பட்டியலுக்குக் காசு

2019 ஏப்ரலில யப்பான் 'குறித்த திறன் தொழிலாளர்' எண்ட புது விசா வகையைத் திறந்தது. அதே வருடம் இலங்கையும் அதுக்கான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்து வைச்சது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டடவேலை, உணவுத் தயாரிப்பு எண்டு பல துறைகள் அதுக்குள்ள இருக்கு. மொழித் தகுதிக்கு என்-4 சித்தி, அல்லது ஜே.எஃப்.ரி பேசிக் பரீட்சையில சித்தி. முதியோர் பராமரிப்புக்கு இன்னொரு தனி மொழிப் பரீட்சையும் உண்டு. அதோட எங்கட சுவர்களில "யப்பான் போக விருப்பமா?" எண்ட போஸ்ரர்கள் கூடிப்போச்சு. அம்மாவின்ர சங்கிலி அடகுக்குப் போய் வகுப்புக் காசாக வாற வீடுகளை எங்களுக்குத் தெரியும்.

அந்தக் காசுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ஒரு சொற்பட்டியல். இடப்பக்கம் யப்பானியச் சொல், வலப்பக்கம் ஆங்கிலமோ சிங்களமோ. மனனம் செய்து, பரீட்சைக்குப் போய், நாலு விடையில ஒண்டைத் தெரிவு செய்யிறது. என்-5 தொடங்கி என்-1 வரைக்கும் அந்தப் பரீட்சையில கதைக்கிற பகுதி எண்டு ஒண்டே இல்லை. வாயைத் திறக்காமலே சித்தியடையலாம். பிறகு விமானத்தால இறங்கின அண்டைக்கு வாய் திறபடாது. அது அந்தப் பிள்ளையின்ர குறை இல்லை. சொல்லைப் பொருளில இருந்து கழட்டித் தாளில ஒட்டிக் குடுத்தால் அது தாளிலதான் நிக்கும்.

வானுக்குள்ள இருக்கிற ரீச்சர்

"நாங்கள் யப்பானில இல்லையே, அன்றாட வாழ்க்கையில எப்பிடி யப்பானியச் சொல்லு வரும்?" எண்டு கேக்கலாம். எங்கட ரோட்டில ஓடுற வாகனங்களைப் பாருங்கோ. அரைவாசி யப்பானில ஓடி முடிச்சு வந்தது. காலமை வானை ஸ்ரார்ட் பண்ணினவுடன ஒரு பொம்பிளைக் குரல் வரும். சாரதிமார் வருடக்கணக்கா அதைக் கேக்கினம். அவ சொல்லுறது அனேகமா இதுதான்: "ஈ-டீ-ஷீ காடோ கா சோன்யூ சரெதெ இமாசென்." யப்பானில அதிவேகப் பாதைக் கட்டணத்துக்குப் பாவிக்கிற அட்டை போடப்படவில்லை எண்டு அர்த்தம். அந்த அட்டையும் அந்தப் பாதையும் எங்களிட்ட இல்லை. ஆனால் கடைசியில வாற 'மாசென்' எங்களுக்குப் பிரயோசனமானது. அது எங்கட 'இல்லை'. 'தபெமாசென்' சாப்பிடுறதில்லை. 'வகரிமாசென்' விளங்கவில்லை. ஒரு வினையின்ர வாலை ஒவ்வொரு நாளும் காலமை ஒரு குரல் இலவசமாச் சொல்லித் தருது.

லொறி பின்னுக்கு எடுக்கேக்க "பக்கு ஷிமாஸ், கோச்சூயி குதசாய்" எண்டு கத்தும். 'கோச்சூயி குதசாய்' எண்டால் தயவுசெய்து கவனம். 'குதசாய்' எங்கட '-ங்கோ' மாதிரி: வாங்கோ, தாங்கோ, பாருங்கோ. வாகனத்தின்ர பழைய வழிகாட்டித் திரை இன்னும் வேலை செய்தால் 'மிகி' வலம், 'ஹிதரி' இடம். கதவைத் திறந்து ஓரத்தைப் பார்த்தால், முந்தின சொந்தக்காரர் ஒயில் மாத்தின திகதியோட ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதில 'ஒயிரு கோகன்' எண்டு எழுதியிருக்கும். 'கோகன்' எண்டால் மாத்திறது. பற்றரி மாத்திறதுக்கும் அதே 'கோகன்'தான். கராஜில வேலை செய்யிற பொடியனுக்கு இந்தச் சொல் பட்டியலில 640வது சொல்லா வந்தால் மறந்துபோகும். கையில ஒயில் பூசிக்கொண்டு வாசிச்சால் சாகும் வரைக்கும் மறக்காது.

உது எண்டால் 'சொரே'

இப்ப முக்கியமான விசயத்துக்கு வருவம். வகுப்பில முதல் கிழமை 'கொரே, சொரே, அரே' படிப்பிப்பினம். ஆங்கிலத்தால விளக்க வெளிக்கிட்டால் 'திஸ்' ஒண்டு, 'தட்' ரெண்டு எண்டு குழப்பம் வரும். ஆங்கிலத்தில ரெண்டு தட்டுத்தான் இருக்கு. யப்பானிய மொழியில மூண்டு. எனக்குக் கிட்ட இருக்கிறது, உனக்குக் கிட்ட இருக்கிறது, ரெண்டு பேருக்கும் தூர இருக்கிறது.

எங்கட அம்மம்மா கதைக்கிறதைக் கேளுங்கோ. இது, உது, அது. "உதென்ன உன்ர கையில?" எண்டு கேட்டால் அது உன்னட்ட இருக்கிற சாமான். 'கொரே' இது, 'சொரே' உது, 'அரே' அது, 'தொரே' எது. இடத்துக்கும் அப்பிடித்தான்: 'கொகோ' இஞ்ச, 'சொகோ' உங்க, 'அசொகோ' அங்க, 'தொகோ' எங்க. சங்க இலக்கியத்தில இருந்து வந்த 'உ'கரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில அருகிப்போச்சு. எங்கட யாழ்ப்பாணப் பேச்சில அது இன்னும் உயிரோட இருக்கு. பள்ளிக்கூடத்தில "உது கொச்சைத் தமிழ்" எண்டு திருத்தப்பட்ட அந்தச் சொல்தான் யப்பானிய மொழியின்ர முதல் பாடத்துக்குச் சரியான திறப்பு. ரெண்டு கிழமை எடுக்கிற பாடம் ரெண்டு நிமிசத்தில முடியுது.

இன்னும் இருக்கு. வீட்டை விட்டு வெளிக்கிடேக்க யப்பான்காரர் "இத்தெகிமாஸ்" எண்டு சொல்லுவினம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "போயிட்டு வாறன்". எங்களிட்டயும் "போறன்" எண்டு சொன்னால் அம்மா ஏசுவா. வீட்டில இருக்கிறவர் திருப்பிச் சொல்லுற "இத்தெராஷாய்" எண்டதுக்கு எங்கட "போயிட்டு வா" சரியாப் பொருந்தும். இதுக்கு ஆங்கிலத்தில நேர்ச் சொல் இல்லாதபடியால் ஆங்கில வழிப் புத்தகங்கள் அரைப் பக்கம் விளக்கம் எழுதுது.

'தபெதெ மிரு' எண்டால் சாப்பிட்டுப் பார். 'பார்' எண்ட வினையை அவையும் இப்பிடித்தான் கொண்டுவந்து ஒட்டுகினம். 'கத்தெ ஒகு' வாங்கி வை. 'மொத்தெ இகு' கொண்டு போ. 'மொத்தெ குரு' கொண்டு வா. 'கரா' இலிருந்து, 'மதெ' வரைக்கும். வினை கடைசியில வரும், உருபு பெயருக்குப் பின்னால வரும். தமிழில யோசிச்சுச் சொல்லுகளை மட்டும் மாத்தினால் அரைவாசி வசனம் தானா வந்து நிக்குது.

சோத்துக்கு வாங்கோ. ஆங்கிலத்தில எல்லாம் 'ரைஸ்'. யப்பானிய மொழியில வயலில நிக்கிற பயிர் 'இனெ', உமியோட இருக்கிற நெல்லு 'மொமி', அரிசி 'கொமெ', சோறு 'கொஹன்', தவிடு 'நுகா', வயல் 'தன்போ'. கிளிநொச்சியிலயோ அம்பாறையிலயோ வயலோட வளர்ந்த பிள்ளைக்கு இது ஆறு சொல்லு இல்லை, தனக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஆறு சாமானுக்குப் புதுப் பேர். விவசாய வேலைக்குப் போற ஒருவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எது?

உறவுமுறையும் அப்பிடித்தான். அண்ணா 'அனி', தம்பி 'ஒதோதோ', அக்கா 'அனெ', தங்கச்சி 'இமோதோ'. மூத்தது இளையது பார்க்காமல் 'பிரதர்' எண்டு சொல்லுற பழக்கம் அவையிட்டயும் இல்லை. குறில் நெடிலும் எங்களுக்குப் புதுசில்லை. 'ஒபசன்' மாமி மாதிரியான வயசு, 'ஒபாசன்' அம்மம்மா வயசு. படமும் பாடமும் வேற எண்டு தெரிஞ்ச காதுக்கு இது பிழைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: தமிழ் எழுத்தில 'க'வும் 'த'வும் ரெண்டு ஒலிக்கு ஒரே வடிவம். அதால சொல்லைத் தமிழில எழுதிப் பழகிறது முதல் மாசத்துக்கு மட்டும். ஹிரகனாவைக் கெதியாப் பிடியுங்கோ.

இந்த ஒற்றுமைகளை வைச்சு சுசுமு ஓனோ எண்ட யப்பானிய மொழியியலாளர், தமிழும் யப்பானியமும் உறவு மொழிகள் எண்டு பல வருடம் வாதாடினவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோட சேர்ந்து ஆய்வு செய்தவை. பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்றுக்கொள்ளவில்லை. நாங்களும் அதுக்காகச் சண்டை பிடிக்க வரவில்லை. ரெண்டு மொழியும் சொந்தமோ இல்லையோ, வசனம் கட்டுற முறை ஒத்துப்போகுது. படிக்கிற ஆளுக்கு அது காணும்.

வலி சொல்லுற சொல்லு

மினுமினு, பிசுபிசு, படபட. இதுகளை நாங்கள் இரட்டைக்கிளவி எண்டு ஒன்பதாம் வகுப்பில படிச்சிட்டு விட்டிட்டம். யப்பானிய மொழியில இந்த வகைச் சொல்லு கணக்கில்லாமல் இருக்கு. 'கிரகிரா' மினுமினு. 'நெபநெபா' பிசுபிசு. 'தொகிதொகி' நெஞ்சு படபட. ஆரம்பப் பட்டியல்களில இதுக்கு இடம் குறைவு. ஆனால் சின்னப் பிள்ளையள் தொடக்கம் வயசு போன ஆக்கள் வரைக்கும் வாயில வாறது இதுதான்.

முதியோர் இல்லத்தில வேலை செய்யிற ஒரு பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ. ஒரு அம்மம்மா "ஸுகிஸுகி" எண்டு தலையைப் பிடிக்கிறா. விண்விண் எண்டு இடிக்குது எண்டு அர்த்தம். 'சிகுசிகு' எண்டால் சுருக்குச் சுருக்கெண்டு குத்துது. 'ஹிரிஹிரி' எண்டால் காந்துது. 'முகமுகா' எண்டால் வயித்தைப் பிரட்டுது. 'இதாய்' (நோகுது) எண்ட ஒரு சொல்லை மட்டும் தெரிஞ்சுகொண்டு போன பிள்ளை, தாதிக்கு என்ன எண்டு அறிவிக்கிறது?

இதோட ஊர்ப் பேச்சும் சேரும். பாடப்புத்தகத்தில 'கொவாய்' எண்டால் பயமா இருக்கு. வடக்கே ஹொக்கைதோவிலயும் தோஹொகுப் பகுதியிலயும் வயசான ஆக்கள் "கொவாய்" எண்டால் உடம்பு ஏலாமல் கிடக்கு எண்டும் அர்த்தம். நகோயாப் பக்கம் அதுக்கு 'எராய்', ஒசாகாப் பக்கம் 'ஷிந்தோய்'. கொழும்பில புத்தகத் தமிழ் படிச்ச ஒருத்தர் பருத்தித்துறைச் சந்தையில வந்து நிண்டால் எப்பிடி இருக்குமோ, அப்பிடித்தான் இதுவும். எந்த ஊருக்குப் போறம் எண்டு தெரிஞ்சால் அந்த ஊர்ச் சொல்லுப் பத்தைக் கேட்டு வைக்கிறது நல்லது. அதை வகுப்பு தராது, அங்க இருக்கிற ஆக்கள்தான் தருவினம்.

கடை, குப்பை, ஓட்டம்

யப்பானில போய் இறங்கின முதல் கிழமை ஒருத்தரும் உங்களிட்ட "உங்கட பொழுதுபோக்கு என்ன?" எண்டு கேக்கப்போறதில்லை. சந்திக் கடைக்காரர் "அதாதமெமாஸ் கா?" எண்டு கேப்பார். சாப்பாட்டுப் பெட்டியைச் சூடாக்கவா எண்டு. 'ஃபுகுரோ' வேணுமா எண்டு கேப்பார். 2020 ஜூலையில இருந்து பொலித்தீன் பைக்குக் காசு அறவிடவேணும் எண்ட விதி அங்க வந்ததால இந்தக் கேள்வி ஒவ்வொரு தரமும் வரும். வேண்டாம் எண்டால் "தாய்ஜோபு தெஸ்". அந்தச் சொல் எங்கட "பறவாயில்லை" போல. நலம் விசாரிச்சாலும் அதுதான் பதில், தேத்தண்ணி வேண்டாம் எண்டாலும் அதுதான் பதில்.

சுப்பர்மார்க்கற்றில பின்னேரம் ஸ்ரிக்கர் ஒட்டத் தொடங்குவினம். 'ஹங்ககு' பாதி விலை. 'நி-வரிபிகி' எண்டால் ரெண்டு வீதம் இல்லை, 20 வீதக் கழிவு. அங்க 'வரி' எண்டது பத்தில ஒரு பங்கு. 'ஸெய்கொமி' எண்டால் வரியோட சேர்ந்த விலை, 'ஸெய்நுகி' வரி இல்லாத விலை. பக்கற்றின்ர பின்பக்கத்தில 'புதா', 'போகு' எண்டால் பண்டி, 'கியூ', 'பீஃபு' எண்டால் மாடு, 'ராதோ' எண்டால் கொழுப்பு, அனேகமாப் பண்டிக் கொழுப்பு. எங்களில மாடு சாப்பிடாத ஆக்களும் இருக்கினம், பண்டி சாப்பிடாத ஆக்களும் இருக்கினம். கோழி நூடில்ஸ் எண்டு படத்தைப் பார்த்து வாங்கினால், சாறு பண்டியாக இருக்கும். இந்த நாலஞ்சு வடிவத்தை விமானம் ஏற முதலே கண்ணுக்குப் பழக்கலாம்.

குப்பை இன்னொரு பாடசாலை. 'மொயெரு கொமி' எரியிற குப்பை, 'மொயெனாய் கொமி' எரியாத குப்பை. படிச்சிட்டுப் போனால் சில நகரங்களின்ர பலகையில 'கனென் கொமி' எண்டு எழுதியிருக்கும். சாமான் ஒண்டுதான், உத்தியோகச் சொல் வேற. 'சொதாய் கொமி' எண்ட பெரிய குப்பைக்குப் பல இடங்களில முன்கூட்டியே பதிஞ்சு, காசு கட்டின ஸ்ரிக்கர் ஒட்டவேணும். பிழையான நாளில பிழையான பையை வைச்சால், அது எடுபடாமல் வாசலிலயே கிடக்கும். அயலவையோட முதல் மனக்கசப்பு அதில தொடங்கும்.

சில சொல்லு உயிரோட சம்பந்தப்பட்டது. 1995 ஜனவரி 17 கோபே பக்கம் நடந்த நிலநடுக்கத்தில 6,400 பேருக்கு மேல செத்தவை. அங்க இருந்த வெளிநாட்டவர் பலருக்கு அறிவிப்புகள் விளங்கவில்லை. அந்தப் பாடத்தில இருந்துதான் 'யசாஷீ நிஹொங்கோ', அதாவது எளிய யப்பானிய மொழி, எண்ட முயற்சி பிறந்தது. ஹிரொசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை முன்னெடுத்தவை. "தகதாய் நி ஹினன்" எண்டு சொல்லாமல் "தகாய் தொகொரோ நி நிகெதெ", உயர்ந்த இடத்துக்கு ஓடுங்கோ, எண்டு சொல்லுறது. 2024 ஜனவரி 1 நொதோவில நிலம் ஆடின நேரம் யப்பானின் தேசியத் தொலைக்காட்சித் திரையில பெரிய எழுத்தில வந்ததும் அதுதான்: "சுனாமி! நிகெதெ!" முதல் சொல் எங்களுக்குத் தெரியும். ரெண்டாவது சொல்லையும் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். 'நிகெதெ', ஓடு.

சம்பளத் துண்டு

வேலைக்குப் போற ஆக்கள் பரீட்சைக்கு முதலே படிக்கவேண்டிய தாள் ஒண்டு இருக்கு: 'கியூரியோ மெய்சாய்', சம்பளத் துண்டு. 'ஸங்கியோ' மேலதிக நேரவேலை. 'கோஜோ' கழிவு. 'தெதொரி' கைக்கு வாறது. 'தெ' எண்டால் கை, 'தொரி' எண்டால் எடுக்கிறது. "கழிச்சுக் கிழிச்சுக் கைக்கு எவ்வளவு வருது?" எண்டு நாங்கள் கேக்கிறதுதான். 'யூக்யூ' சம்பளத்தோட லீவு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை செய்து, வேலை நாளில 80 வீதமாவது வந்திருந்தால், முழுநேர ஊழியருக்குச் சட்டப்படி 10 நாள் உண்டு. 'ரோசாய்' எண்டால் வேலையில காயப்பட்டால் கிடைக்கிற காப்புறுதி. வெளிநாட்டவருக்கும் அது உரியது.

முகவரும் முதலாளியும் சொல்லுறதை மட்டும் நம்பி இருக்கிற ஆளுக்கும், துண்டைக் கையில வைச்சு "கொரே வா நன் தெஸ் கா?" (இது என்ன?) எண்டு விரலை வைச்சுக் கேக்கிற ஆளுக்கும் வித்தியாசம் இருக்கு. கேக்கத் தெரிஞ்ச ஆளை ஏய்க்கிறது கஷ்டம். இந்தச் சொல்லுகள் ஒரு பொழுதுபோக்குப் பாடமா எங்களுக்குத் தெரியவில்லை.

வாழ்க்கை தானாச் சொல்லித் தராது

"அப்ப வகுப்பே வேண்டாம், அங்க போனால் தானா வரும்" எண்டு சிலர் சொல்லுவினம். வராது. பத்து வருடம் அங்க இருந்தும் தொழிற்சாலையின்ர முப்பது சொல்லுக்கு மேல தாண்டாத ஆக்கள் இருக்கினம். ஒரே அறையில எங்கட ஆக்கள், ஒரே வரிசையில எங்கட ஆக்கள், இரவில ஊருக்கு வட்ஸ்அப். அந்தத் தனிமைக்கு எங்கட மொழி ஆறுதல், அதில பிழை இல்லை. ஆனால் சொல்லு தானா வந்து மடியில ஏறாது.

அனிமே பார்த்துப் பழகிறதிலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. காது பழகும், அது நல்லது. ஆனால் கதாநாயகன் எதிரியைப் பார்த்து 'கிசமா', 'தெமே' எண்டு கத்திறதைப் பொறுப்பாளருக்குச் சொன்னால் கதை முடிஞ்சுது. நீ, நீர், நீங்கள் வித்தியாசம் தெரிஞ்ச எங்களுக்கு இது விளங்கும். முதியோர் இல்லத்தில 'ஒபாசன்' எண்டு கூப்பிடுறதை விடப் பெயரோட 'சன்' சேர்த்துக் கூப்பிடுறதுதான் மரியாதை. எந்தச் சொல்லை ஆருக்குச் சொல்லலாம் எண்ட அளவை நல்ல ஆசிரியரிட்டத்தான் படிக்கவேணும். வகுப்பு அளவைத் தரட்டும், வாழ்க்கை சொல்லைத் தரட்டும்.

அதுக்கு எங்களிட்ட இருக்கிற யோசனைகள் சின்னது. ஒரு கிழமைக்கு ஒரு இடம். இந்தக் கிழமை குசினி, அடுத்த கிழமை பஸ், அதுக்கு அடுத்தது கராஜ் அல்லது வயல். அந்த இடத்தில கையில தொடுற பத்துச் சாமானுக்குப் பேர். அர்த்தத்தை ஆங்கிலத்தில எழுதாமல், அம்மா சொல்லுற தமிழில எழுதுறது. வீட்டை விட்டு இறங்கேக்க ஒருக்கா "இத்தெகிமாஸ்". யப்பான் பவுண்டேசனின் 'இரோதொரி' பாடநூல் இணையத்தில இலவசமா இருக்கு. கடை, வேலை, மருத்துவம் எண்டு வாழ்க்கைக் காட்சிகளை வைச்சுத்தான் அதைச் செய்திருக்கினம். காசு கட்ட முதல் அதைத் திறந்து பாருங்கோ. முதல் மாசமே கேள்விச் சொல்லுகளைப் பிடியுங்கோ: "நன்தெ யொமிமாஸ் கா?", இதை எப்பிடி வாசிக்கிறது? "மோ இச்சிதோ", இன்னொருக்கா. இந்த ரெண்டும் மற்றச் சொல்லுகளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கடைசியா ஒரு கூட்டு வேலை. பல வகுப்புகள் சிங்களத்தாலயோ ஆங்கிலத்தாலயோ நடக்குது. மூண்டாம் மொழியை ரெண்டாம் மொழியால படிக்கிற சுமை எங்கட பிள்ளையளுக்கு. அதைக் குறைக்க ஆரும் வருவினம் எண்டு காத்திருக்கத் தேவையில்லை. அங்க இருக்கிற அண்ணாமார், அக்காமார் கடைப் பலகை, மருந்துப் பெட்டி, குப்பை அட்டவணை, பேரை மறைச்ச சம்பளத் துண்டு எண்டு படம் எடுத்து, குரலில வாசிச்சு அனுப்பட்டும். இஞ்ச படிக்கிறவை அதுக்கு எங்கட பேச்சுத் தமிழில அர்த்தம் எழுதட்டும். ஒரு வருடத்தில ஒரு நல்ல அகராதி கையில இருக்கும். அதின்ர முதல் பக்கத்தில இது, உது, அது மூண்டும் வரவேணும்.